ஐந்து மாதக் குழந்தைக்கு ரத்தப் புற்றுநோய்: ரிப்போர்ட்டில் உள்ள கேஎம்டி2ஏ மாற்றம் பரம்பரையா?

வைகைக்கரை

எல்லோருக்கும் வணக்கம். என் அக்கா மகளுக்கு ஐந்து மாதம் ஆகிறது. அவளுக்கு ஏஎல்எல் (அக்யூட் லிம்ஃபோபிளாஸ்டிக் லுகேமியா) வகை ரத்தப் புற்றுநோய் என்று போன வாரம் உறுதி செய்துவிட்டார்கள். முதலில் முகம் வெளுத்து, வயிறு உப்பலாக இருந்தது. பக்கத்து கிளினிக்கில் வாயுத் தொந்தரவு என்று சொட்டு மருந்து கொடுத்து அனுப்பினார்கள். அப்புறம் தலையிலும் முதுகிலும் நீலம் பாரித்த சின்னச் சின்ன முடிச்சுகள் தெரிந்தன. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனபோது வெள்ளை அணுக்கள் 4 லட்சத்தைத் தாண்டியிருந்தன.

மஜ்ஜைப் பரிசோதனை ரிப்போர்ட்டில் கேஎம்டி2ஏ மரபணு உடைந்து இடம் மாறியிருக்கிறது என்றும், 4-ஆம் குரோமோசோமும் 11-ஆம் குரோமோசோமும் துண்டு மாற்றிக்கொண்டிருக்கின்றன என்றும் இருக்கிறது. செல் மேலுள்ள அடையாளப் புரதங்களில் சிடி19 பாசிட்டிவ், சிடி10 நெகட்டிவ். டாக்டர் "இது கொஞ்சம் கடினமான வகை" என்றார். சிகிச்சை தொடங்கிவிட்டது.

வீட்டு நிலைமைதான் தாங்க முடியவில்லை. அக்காவைக் கட்டியது எங்கள் அத்தை மகனுக்குத்தான். சொந்தத்தில் கட்டியதால் வந்தது என்கிறார் ஒருவர். எங்கள் பக்கம் யாருக்கும் இப்படி இல்லை, உங்கள் அம்மா வழியில்தான் இருந்திருக்கும் என்கிறார் இன்னொருவர். கிரகணத்தன்று வெளியே வந்தாள் என்றுகூடப் பேச்சு. அக்கா சரியாகச் சாப்பிடுவதே இல்லை.

எனக்குத் தெரிய வேண்டியது இவ்வளவுதான். இது பரம்பரையாக வருவதா? மூத்தவனுக்கு மூன்று வயது, அவனுக்கும் பரிசோதனை செய்ய வேண்டுமா? எதனால் இதைக் கடினமான வகை என்கிறார்கள்?

ஃபிஷ்_லேப்

தம்பி, நான் குரோமோசோம் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். உங்கள் முதல் கேள்விக்கு மட்டும் நான் பதில் சொல்கிறேன், மற்றதை டாக்டர்கள் சொல்வார்கள்.

பரம்பரை இல்லை. இதை அக்காவிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

ஃபிஷ் என்ற பரிசோதனையில் நாங்கள் என்ன பார்க்கிறோம் என்று சொன்னால் புரியும். கேஎம்டி2ஏ மரபணு 11-ஆம் குரோமோசோமின் நீளமான கையில் இருக்கிறது. அதன் ஒரு பக்கம் சிவப்பாகவும் மறுபக்கம் பச்சையாகவும் ஒளிரும் சாயத்தை ஒட்ட வைப்போம். மரபணு முழுதாக இருந்தால் இரண்டு நிறமும் ஒட்டியே நிற்கும், மைக்ரோஸ்கோப்பில் மஞ்சளாகத் தெரியும். உடைந்திருந்தால் சிவப்பு ஓரிடத்தில், பச்சை வேறிடத்தில். உங்கள் அக்கா மகளின் லுகேமியா செல்களில் அப்படித்தான் பிரிந்து நின்றிருக்கும். ஒவ்வொரு செல்லிலும் இந்த மரபணுவுக்கு இரண்டு பிரதி உண்டு. அதில் ஒன்றுதான் உடைந்திருக்கும், மற்றொன்று நல்லபடியாக இருக்கும்.

முக்கியமான விஷயம், இந்த உடைப்பு லுகேமியா செல்களில் மட்டும்தான். குழந்தையின் தோலிலோ குடலிலோ மூளையிலோ இது கிடையாது. கீமோ வேலை செய்து மஜ்ஜை சுத்தமானபின் அதே குழந்தையின் மஜ்ஜையை எடுத்து இதே சாயம் போட்டுப் பார்த்தால் மஞ்சள் புள்ளிகள்தான் தெரியும். அப்பா அம்மாவின் ரத்தத்தைப் பரிசோதித்தாலும் ஒன்றும் இருக்காது. அவர்களிடமிருந்து வந்ததாக இருந்தால் குழந்தையின் எல்லா செல்லிலும் இருந்தாக வேண்டும் அல்லவா?

ரத்தவியல்_டாக்டர்

மேலே சொன்னது சரி. சொந்தத் திருமணம் பற்றிய கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன், ஏனென்றால் இது என் ஓபிடியில் வாரம் ஒரு தடவையாவது காதில் விழும் குற்றச்சாட்டு.

நெருங்கிய உறவில் திருமணம் செய்தால் சில நோய்களின் வாய்ப்பு கூடும் என்பது உண்மை. அப்பாவிடமிருந்து ஒரு பழுதான பிரதியும் அம்மாவிடமிருந்து ஒரு பழுதான பிரதியும் சேர்ந்தால் மட்டும் வரும் நோய்கள் அவை. ஃபான்கோனி ரத்தசோகை அப்படிப்பட்டது, அதில் பிற்காலத்தில் லுகேமியா வரும் ஆபத்தும் உண்டு. ஆனால் அந்தக் குழந்தைகளின் கதை வேறு. உயரக் குறைவு, கட்டைவிரல் கோளாறு, தோலில் நிற மாற்றம், மெல்ல மெல்ல வற்றும் மஜ்ஜை என்று வேறு அறிகுறிகள் இருக்கும். ஐந்து மாதத்தில் 4 லட்சம் வெள்ளை அணுக்களோடும் 4-11 இடமாற்றத்தோடும் வருவது அது அல்ல. இங்கே பெற்றோரிடமிருந்து பழுதான பிரதி எதுவும் வரவில்லை. கருவில் வளரும்போது ஒரே ஒரு ரத்த மூல செல்லில் நடந்த விபத்து இது. அத்தை மகனைக் கட்டினாலும் அந்நியத்தில் கட்டினாலும் அந்த விபத்துக்கு வித்தியாசம் தெரியாது.

மூத்தவனுக்கு இதற்காக எந்தப் பரிசோதனையும் வேண்டாம். அடுத்து குழந்தை பெற்றுக்கொண்டாலும் அதற்கு இது வரும் என்று பயப்பட வேண்டியதில்லை. ஒரே ஒரு விதிவிலக்கு ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையர். உங்கள் வீட்டில் அது இல்லை.

கிரகணம் பற்றி ஒரு வரிகூட எழுத மாட்டேன். அந்தத் தாயை யாரும் இனி அப்படிக் கேட்கக் கூடாது.

பயோடெக்_மாணவி

டாக்டர், குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். கருவில் நடந்தது என்று அவ்வளவு உறுதியாக எப்படிச் சொல்கிறோம்? பிறந்தபின் முதல் மாதத்தில் நடந்திருக்கவும் கூடும் அல்லவா? இரட்டையரை மட்டும் ஏன் தனியாகச் சொன்னீர்கள்?

ரத்தவியல்_டாக்டர்

உங்கள் இரண்டு கேள்விக்கும் ஒரே பதில்தான். எனக்கு மிகவும் பிடித்த மருத்துவ ஆய்வுகளில் இது ஒன்று, அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

ஒரே கருவில் பிறந்த இரட்டைக் குழந்தைகளில் ஒன்றுக்கு முதல் வயதுக்குள் லுகேமியா வந்தால், பெரும்பாலும் மற்றதற்கும் சில மாதங்களில் வந்துவிடும் என்பது பல காலமாகத் தெரிந்த விஷயம். இரண்டுக்கும் ஒரே டிஎன்ஏ, அதனால் இரண்டுக்கும் வருகிறது, ஆகவே பரம்பரை என்று நினைப்பதுதான் சுலபம். லண்டன் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனத்தில் மெல் கிரீவ்ஸ் குழு 1993-இல் அப்படிப்பட்ட மூன்று இரட்டையர் ஜோடிகளின் லுகேமியா செல்களை எடுத்து, கேஎம்டி2ஏ மரபணு எந்த இடத்தில் உடைந்திருக்கிறது என்று பார்த்தது. அப்போது அந்த மரபணுவுக்கு எம்எல்எல் என்று பெயர்.

இந்த மரபணுவில் உடைப்புகள் விழும் பகுதி சுமார் 8,000 டிஎன்ஏ எழுத்து நீளம். ஒவ்வொரு நோயாளிக்கும் அதில் வேறு வேறு இடத்தில் உடையும், கைரேகை மாதிரி. ஆனால் ஒவ்வொரு ஜோடியிலும் இரண்டு குழந்தைகளுக்கும் உடைப்பு துல்லியமாக ஒரே இடத்தில் இருந்தது. அதே சமயம் அவர்களின் நல்ல செல்களில் உடைப்பே இல்லை. தனித்தனியாக இரண்டு குழந்தைகளுக்கும் தற்செயலாக ஒரே எழுத்தில் உடைய வழியில்லை. பெற்றோரிடமிருந்தும் வரவில்லை. அப்படியானால் மிஞ்சுவது ஒரே விளக்கம். கர்ப்பப்பையில் ஒரு குழந்தையின் ஒரு செல்லில் உடைப்பு நடந்தது, அந்தச் செல் பெருகியது, இருவரும் பகிர்ந்த நஞ்சுக்கொடியின் ரத்தக் குழாய் வழியாக மற்ற குழந்தைக்கும் போய்ச் சேர்ந்தது.

நஞ்சுக்கொடி ஒன்றாக இருக்கும் இரட்டையரில் ஒருவருக்கு இந்த நோய் கண்டால், மற்றவரை அன்றைக்கே பரிசோதிக்கச் சொல்வது இதனால்தான்.

1997-இல் அதே குழு அடுத்த படியாக, தனியாகப் பிறந்த குழந்தைகளைப் பார்த்தது. பல நாடுகளில் பிறந்த சில நாளில் குதிகாலில் குத்தி, ஒரு அட்டையில் ரத்தத் துளி எடுத்துப் பத்திரப்படுத்துவார்கள். 5 மாதத்திலிருந்து 2 வயதுக்குள் லுகேமியா வந்த மூன்று குழந்தைகளின் பழைய அட்டைகளைத் தேடி எடுத்து, காய்ந்த ரத்தத்திலிருந்து டிஎன்ஏ பிரித்தார்கள். ஒவ்வொரு குழந்தையின் தனிப்பட்ட உடைப்பும் அந்த அட்டையிலேயே இருந்தது. குழந்தை கொழுகொழுவென்று பிறந்து, எல்லோரும் கொஞ்சிக்கொண்டிருந்த நாளிலேயே அந்தச் செல் ரத்தத்தில் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது.

பயோடெக்_மாணவி

மிக்க நன்றி டாக்டர். ஒரு விஷயம் கேட்கலாமா என்று தயக்கமாக இருக்கிறது. கர்ப்பிணிகள் சாப்பிடும் சில உணவுகளில் உள்ள ஃபிளேவனாய்டுகள் என்ற தாவர வேதிப்பொருள்கள் இந்த மரபணுவை உடைக்கும் என்று படித்தேன். சோயா, டீ எல்லாம் அந்தப் பட்டியலில் இருந்தன.

ரத்தவியல்_டாக்டர்

தயக்கம் நியாயம்தான், ஏனென்றால் குழந்தைக்கு நோய் வந்த வீட்டில் இந்த ஒரு வரி என்ன செய்யும் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கிறது.

அந்தக் கருதுகோள் எங்கிருந்து வந்தது என்றால், எட்டோபோசைட் என்ற கீமோ மருந்து வாங்கிய சில நோயாளிகளுக்குப் பிற்பாடு வேறொரு லுகேமியா வரும். அதில் இதே கேஎம்டி2ஏ உடைந்திருக்கும். அந்த மருந்து டோபோஐசோமரேஸ் 2 என்ற நொதியை மறிக்கிறது. முறுக்கிய டிஎன்ஏவை வெட்டி, சிக்கெடுத்து, மறுபடி ஒட்டுவது அந்த நொதியின் வேலை. ஒட்டுவதற்கு முன் மருந்து குறுக்கே நின்றால் வெட்டு வெட்டாகவே நின்றுவிடும். சில ஃபிளேவனாய்டுகளும் ஆய்வுக்கூடக் கிண்ணத்தில் அந்த நொதியை மறிக்கின்றன. இதுவரை உண்மை.

ஆனால் கிண்ணத்தில் நடப்பது கர்ப்பப்பையில் நடக்கிறது என்பதற்கு உறுதியான சான்று இல்லை. தாய்மார்களிடம் உணவு பற்றிக் கேட்டுச் செய்த ஆய்வுகள் சிறியவை, முடிவுகளும் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. உலகம் முழுக்கக் கோடிக்கணக்கான கர்ப்பிணிகள் டீ குடிக்கிறார்கள், சோயா சாப்பிடுகிறார்கள். குழந்தைப் பருவ ஏஎல்எல்லே அரிதான நோய். அதிலும் ஒரு வயதுக்குள் வருவது 100-க்கு 2 முதல் 5 வரைதான். எந்தத் தாயிடமும் நீ சாப்பிட்டதால் வந்தது என்று சொல்ல எந்த மருத்துவருக்கும் ஆதாரம் கிடையாது. செல் பிரியும்போதெல்லாம் டிஎன்ஏ வெட்டுப்பட்டு ஒட்டப்படுகிறது. எங்கோ ஒரு தடவை தப்பாக ஒட்டிவிடுகிறது.

வைகைக்கரை

இதையெல்லாம் அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். இரட்டையர் விஷயத்தை இரண்டு தடவை வாசிக்கச் சொன்னாள். அத்தானும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டார். அத்தையிடம் அவரே பேசுகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.

ஏன் கடினம் என்ற கேள்விக்கு யாராவது சொல்ல முடியுமா? எங்கள் தெருவில் ஒரு பையன் நான்கு வயதில் ஏஎல்எல் வந்து குணமாகி இப்போது பிளஸ் டூ படிக்கிறான். அதே நோய்தானே இதுவும்?

ஃபிஷ்_லேப்

பெயர் ஒன்று, உள்ளே இருப்பது வேறு. நான்கு வயதுப் பையனின் லுகேமியாவில் பொதுவாக நாங்கள் பார்ப்பது குரோமோசோம் எண்ணிக்கை கூடியிருப்பது, அல்லது 12-ஆம் குரோமோசோமும் 21-ஆம் குரோமோசோமும் சேர்ந்த இணைவு. இரண்டுமே நல்ல அறிகுறிகள். ஒரு வயதுக்குள் வரும் ஏஎல்எல்லில் 100-க்கு 70, 80 குழந்தைகளுக்குக் கேஎம்டி2ஏ உடைந்திருக்கும்.

உடைந்த துண்டு சும்மா இருப்பதில்லை, இன்னொரு மரபணுவோடு ஒட்டிக்கொள்கிறது. இதுவரை கண்டுபிடித்த கூட்டாளிகள் நூற்றுக்கு மேல். ஆனால் கைக்குழந்தை ஏஎல்எல்லில் அடிக்கடி வருவது மூன்று, நான்குதான். 4-ஆம் குரோமோசோமில் உள்ள ஏஎஃப்எஃப்1, அதாவது பழைய பெயரில் ஏஎஃப்4, கிட்டத்தட்டப் பாதி. அடுத்து 19-ஆம் குரோமோசோமின் ஈஎன்எல். அப்புறம் 9-இல் ஏஎஃப்9, 10-இல் ஏஎஃப்10. உங்கள் குழந்தைக்கு இருப்பது முதலாவது.

இரண்டு புத்தகங்கள் நடுவில் கிழிந்து, பைண்டிங் செய்தவர் ஒன்றின் முன்பாதியையும் மற்றதன் பின்பாதியையும் சேர்த்துத் தைத்துவிட்டால் எப்படியோ, அப்படி ஒரு புதுப் புரதத்தை அந்தச் செல் செய்யத் தொடங்குகிறது.

ரத்தவியல்_டாக்டர்

அதன் முன்பாதி எங்கே போக வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறது, பின்பாதி அங்கே போய் என்ன செய்ய வேண்டும் என்பதை.

கேஎம்டி2ஏவின் இயல்பான வேலை, ரத்த மூல செல்களில் ஹாக்ஸ் குடும்ப மரபணுக்களை வேண்டிய நேரத்தில் இயக்கத்தில் வைத்திருப்பது. பழ ஈயில் உடல் பகுதிகளை வகுக்கும் டிரைதோராக்ஸ் என்ற மரபணுவின் உறவு இது. அவ்வளவு பழமையான, அடிப்படையான மரபணு. உடைந்தபின் முன்பாதி பழையபடியே மெனின் என்ற புரதத்தைப் பிடித்துக்கொண்டு அதே ஹாக்ஸ் மரபணுக்களில் போய் உட்காருகிறது. ஆனால் பின்பாதியில் இப்போது இருப்பது ஏஎஃப்4. அது மரபணுவை இடைவிடாமல் படியெடுக்க வைக்கும் புரதக் கூட்டத்தை இழுத்து வருகிறது. டாட்1எல் என்ற நொதியும் கூட வந்து அந்த இடத்தில் "இயங்கு" என்ற ரசாயன அடையாளத்தைப் போட்டுவிடுகிறது. ஹாக்ஸ்ஏ9, மெய்ஸ்1 என்ற மரபணுக்கள் இரண்டும் அணையவே அணையாது. செல் முதிர்ச்சி அடையாமல் குட்டிப் பருவத்திலேயே நின்று பெருகிக்கொண்டே போகிறது. சிடி10 நெகட்டிவ் என்று உங்கள் ரிப்போர்ட்டில் இருப்பதன் பொருள் இதுதான். பி செல் என்ற வெள்ளை அணுவாக மாறும் பாதையில் முதல் படியிலேயே நின்றுவிட்ட செல்.

கடினம் என்று சொல்ல இரண்டாவது காரணம், எனக்கு இன்றும் வியப்பாக இருப்பது. பெரியவர்களின் புற்றுநோயில் பல ஆண்டுகளாகப் பல மரபணுப் பிழைகள் சேர்ந்து, ஒன்றின் மேல் ஒன்றாக ஏறி, கடைசியில் நோயாகும். கைக்குழந்தையிடம் அதற்கு அவகாசமே இல்லை. 2015-இல் அமெரிக்காவின் செயின்ட் ஜூட் மருத்துவமனைக் குழு இந்தக் குழந்தைகளின் லுகேமியா மரபணுத் தொகுப்பை முழுதாகப் படித்துப் பார்த்தபோது, பெரும்பான்மைச் செல்களில் இந்த இணைவைத் தவிரப் புரதத்தை மாற்றும் பிழை சராசரியாக ஒன்று, ஒன்றரைகூட இல்லை. மனிதப் புற்றுநோய்களிலேயே மிகக் குறைவான எண்ணிக்கைகளில் ஒன்று அது. பாதிக் குழந்தைகளுக்கு செல்லைப் பெருகச் சொல்லும் ராஸ் என்ற சமிக்ஞைப் பாதையில் கூடுதல் பிழை இருந்தது, ஆனால் அதுவும் பல சமயம் ஒரு சிறு பகுதிச் செல்களில் மட்டும். ஆக, இந்த ஒரு உடைப்பே கிட்டத்தட்டப் போதுமானதாக இருக்கிறது.

12-21 இணைவோடு ஒப்பிட்டால் வித்தியாசம் புரியும். அதுவும் பெரும்பாலும் கருவிலேயே உண்டாவதுதான். ஆரோக்கியமாகப் பிறக்கும் குழந்தைகளில் 100-க்கு ஒருவருக்காவது அது இருக்கும் என்று கணக்கிட்டார்கள், ஆனால் அவர்களில் மிக மிகச் சிலருக்கே பல வருடம் கழித்து லுகேமியா வருகிறது. அதற்கு இன்னும் சில பிழைகள் சேர வேண்டும். கேஎம்டி2ஏ காத்திருப்பதில்லை.

கருவின் ஈரலில் ரத்தம் உற்பத்தியாகும் காலத்துக்கே உரிய செல்லில் இது நடப்பதும் ஒரு காரணம். ஆக்ஸ்ஃபோர்டில் மனிதக் கரு ஈரல் செல்களில் இதே இணைவைச் செய்து எலிகளுக்குள் செலுத்திப் பார்த்தபோது, கைக்குழந்தை லுகேமியாவைப் போன்ற நோய் எலிகளில் வந்தது. அந்தக் கருக்காலச் சுபாவத்தை அந்தச் செல்கள் விடாமல் வைத்திருந்தன.

நிலா_அம்மா

என் மகனுக்கு டவுன் சிண்ட்ரோம். பிறந்த முதல் வாரத்திலேயே ரத்தத்தில் பிளாஸ்ட் எனும் முதிராத செல்கள் இருக்கின்றன, லுகேமியா மாதிரி இருக்கிறது என்றார்கள். எனக்குக் காலடியில் பூமி நழுவியது. ஆனால் மருந்தில்லாமலே சில வாரங்களில் அது தானாக மறைந்துவிட்டது. இங்கே எழுதியிருப்பதைப் படித்தபோது அதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்கத் தோன்றியது. எங்களுக்குச் சொன்ன மரபணுவின் பெயர் கேட்டா1.

ரத்தவியல்_டாக்டர்

அம்மா, அது முற்றிலும் வேறு. 21-ஆம் குரோமோசோம் மூன்றாக இருக்கும் கருவின் ஈரலில் ரத்த மூல செல்கள் ஏற்கெனவே அளவுக்கு மீறிப் பெருகும். அதில் ஒரு செல்லில் கேட்டா1 மரபணு பிழைபட்டு, புரதம் முழுதாக வராமல் குட்டையாக வரும்போது இந்தத் தற்காலிக நிலை உண்டாகிறது. டவுன் சிண்ட்ரோம் குழந்தைகளில் 10-இல் ஒருவருக்கு இது கண்ணுக்குத் தெரியும்படி வரும். ஈரலிலிருந்து மஜ்ஜைக்கு ரத்த உற்பத்தி மாறியதும் அந்தச் செல்களுக்கு ஏற்ற சூழல் போய்விடுகிறது. பெரும்பாலும் மூன்று மாதத்துக்குள் தானாக அடங்கும். ஈரல் மிகவும் பாதிக்கப்பட்டால் மட்டும் குறைந்த அளவில் சைட்டராபின் என்ற கீமோ மருந்து கொடுப்போம்.

ஆனால் இந்தக் குழந்தைகளில் 100-க்கு 20, 30 பேருக்கு நான்கு வயதுக்குள் உண்மையான மைலாய்டு லுகேமியா (ஏஎம்எல், ரத்தப் புற்றுநோயின் இன்னொரு வகை) வரலாம். எனவே உங்கள் டாக்டர் சொன்ன இடைவெளியில் ரத்த எண்ணிக்கை பார்ப்பதை நிறுத்திவிடாதீர்கள். வந்தாலும் அந்த வகை கீமோவுக்கு மிக நன்றாகக் கட்டுப்படும், பத்தில் ஒன்பது குழந்தைகள் பிழைக்கிறார்கள்.

ஃபிஷ்_லேப்

ஏஎம்எல் வந்த கைக்குழந்தைகளின் பெற்றோர் யாராவது படித்தால் அவர்களுக்காக ஒன்று. ஏஎம்எல்லிலும் பாதிக் குழந்தைகளுக்குக் கேஎம்டி2ஏதான். மீதியில் சில மாற்றங்கள் சாதாரண குரோமோசோம் படத்தில் தெரியவே தெரியாது. 16-ஆம் குரோமோசோமுக்குள்ளேயே ஒரு துண்டு தலைகீழாகத் திரும்பி உண்டாகும் கிளிஸ்2 இணைவு அப்படி. டவுன் சிண்ட்ரோம் இல்லாத குழந்தைகளின் மெகாகேரியோசைட் (தட்டணுக்களை உருவாக்கும் செல்) வகை ஏஎம்எல்லில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு அதுதான், கடுமையானதும்கூட. ரிப்போர்ட்டில் குரோமோசோம் நார்மல் என்று இருந்தால், ஆர்என்ஏ பரிசோதனை செய்தீர்களா என்று கேளுங்கள். மாறாக, பிறந்த உடனே வரும் 8-16 இடமாற்ற ஏஎம்எல் சில குழந்தைகளில் தானாக மறைந்ததும் உண்டு. அவர்களையும் விடாமல் கண்காணிக்க வேண்டும், திரும்ப வரக்கூடியது.

வைகைக்கரை

நான் இணையத்தில் தேடியபோது பிழைக்கும் வாய்ப்பு என்று பயமுறுத்தும் எண்கள் வந்தன. அக்காவிடம் காட்டவில்லை. அது உண்மையா?

உட்ரெக்ட்_தமிழ்

நான் நெதர்லாந்தில் இருக்கிறேன், குழந்தைகள் புற்றுநோய்ப் பிரிவில் மருந்தாளுநர். தம்பி, நீங்கள் பார்த்த எண்கள் பழையவை. பொய்யல்ல, ஆனால் பழையவை.

இந்த நோய் அரிது என்பதால் ஒரு நாடு தனியாக ஆய்வு செய்வது கடினம். அதனால் இன்டர்ஃபான்ட் என்று பல நாடுகள் கூட்டாகச் சேர்ந்தார்கள். இன்டர்ஃபான்ட்-99 ஆய்வில் நான்கு வருடம் நோய் திரும்பாமல் இருந்தவர்கள் 47 சதவீதம். அடுத்து வந்த இன்டர்ஃபான்ட்-06-இல் 651 குழந்தைகள். மைலாய்டு லுகேமியாவுக்கான கீமோவைக் கொடுத்தால் பலன் கூடுமா என்று பார்த்தார்கள். கூடவில்லை. ஆறு வருடத்தில் 46 சதவீதம். கேஎம்டி2ஏ உடைந்த குழந்தைகளில் அது 36. இவற்றைத்தான் நீங்கள் பார்த்திருப்பீர்கள். அமெரிக்காவில் எஃப்எல்டி3 என்ற புரதத்தின் தடுப்பானான லெஸ்டார்டினிப்பைச் சேர்த்துப் பார்த்தார்கள், அதுவும் மொத்தத்தில் பலன் தரவில்லை. இருபது வருடம் இந்த எண் அசையாமலே நின்றது. கீமோவை இன்னும் கூட்டினால் குழந்தைகள் தொற்றில் இறந்துபோனார்கள்.

அப்புறம்தான் பிளினாட்யூமோமாப் வந்தது. அது ஒரு கையால் லுகேமியா செல்லின் சிடி19-ஐயும், மறு கையால் குழந்தையின் சொந்த நோய் எதிர்ப்புச் செல்லான டி செல்லையும் பிடித்து இரண்டையும் நேருக்கு நேர் நிறுத்தும் புரதம். உட்ரெக்டில் உள்ள இளவரசி மாக்ஸிமா மையம் தலைமையில், கேஎம்டி2ஏ உடைந்த 30 கைக்குழந்தைகளுக்கு முதல் கட்டக் கீமோ முடிந்ததும் 28 நாள் இடைவிடாத சொட்டாக ஒரே ஒரு சுற்று கொடுத்தார்கள். 2023-இல் வெளியான முடிவு இது. இரண்டு வருடத்தில் உயிரோடு இருந்தவர்கள் 93.3 சதவீதம். முன்பு அது 65.8. நோயில்லாமல் இருந்தவர்கள் 81.6, முன்பு 49.4. குழந்தைகள் முப்பது பேர்தான், இரண்டே வருடம்தான் என்பது நினைவில் இருக்க வேண்டும். ஆனாலும் அந்த முடிவு வந்த அன்று எங்கள் வார்டில் நர்ஸ்கள் அழுதார்கள். 2024 ஜூனில் அமெரிக்க மருந்து ஆணையம் ஒரு மாதக் குழந்தையிலிருந்தே இந்த மருந்தை இந்தக் கட்டத்தில் கொடுக்க அனுமதித்துவிட்டது.

சேலம்_ராஜா

மன்னிக்கவும், எங்களுக்கு மஜ்ஜை மாற்றுதான் ஒரே வழி என்று சொன்னார்கள். நீங்கள் மருந்தைப் பற்றி மட்டும் எழுதுகிறீர்கள். பிளினாட்யூமோமாப் இங்கே எத்தனை பேருக்குக் கட்டுப்படியாகும்? பல லட்சம் செலவு. தவிர, சிடி19-ஐக் குறிவைத்தால் செல்கள் அதை உதறிவிட்டு மைலாய்டு லுகேமியாவாக மாறித் திரும்பி வரும் என்றும் சொன்னார்கள்.

ரத்தவியல்_டாக்டர்

ராஜா சார், நீங்கள் சொன்ன கடைசி விஷயம் உண்மை. கேஎம்டி2ஏ லுகேமியாவுக்கே உள்ள ஆபத்து அது. மிக ஆரம்பப் படியில் நின்றுவிட்ட செல் என்பதால் பி செல் பக்கமும் மைலாய்டு பக்கமும் சாய அதனால் முடியும். அதனால்தான் அந்த மருந்தைத் தனியாகக் கொடுப்பதில்லை, முன்னும் பின்னும் கீமோ உண்டு.

மஜ்ஜை மாற்றில் எங்களுக்குள்ளேயே ஒருமித்த கருத்து இல்லை. ஐரோப்பியக் குழு மிக அதிக ஆபத்து உள்ளவர்களுக்கு மட்டும் செய்தது. அதாவது கேஎம்டி2ஏ உடைப்பு, ஆறு மாதத்துக்குள் வயது, அதோடு 3 லட்சத்துக்கு மேல் வெள்ளை அணு அல்லது முதல் வார ஸ்டீராய்டுக்கு நோய்ச் செல்கள் சரியாக இறங்காதது. அமெரிக்கக் குழு தன் முடிவுகளில் தெளிவான பலன் தெரியாததால் வழக்கமாகச் செய்வதை விட்டுவிட்டது. கைக்குழந்தைக்கு மஜ்ஜை மாற்று சாதாரண விஷயமல்ல, வளர்ச்சியும் ஹார்மோன்களும் பாதிக்கப்படும். என் சொந்தக் கருத்து, சிகிச்சைக்குப் பின்னும் மறைந்திருக்கும் நுண்ணளவு மிச்ச நோய் பூஜ்யம் ஆகிவிட்ட குழந்தையை மாற்றுக்கு அவசரமாகத் தள்ளக் கூடாது. ஆகாத குழந்தைக்குத் தயங்கக் கூடாது. ஆனால் உங்கள் குழந்தையைப் பார்க்கும் டாக்டர்தான் முடிவெடுக்க வேண்டும், நான் அல்ல.

செலவு பற்றி உங்கள் கோபம் நியாயமானது. இந்த மருந்தை வேலை செய்யும் மருந்து என்று உலகம் ஒப்புக்கொண்டபின் அது கிடைக்காத குழந்தையிடம் சொல்ல என்னிடம் பதில் இல்லை. ஆஸ்பத்திரியின் சமூகப் பணியாளரிடம் முதல் வாரத்திலேயே பேசுங்கள், மருந்து தேவைப்படும் நாளுக்கு முன்பே. மருந்து நிறுவனத்தின் உதவித் திட்டம், அரசுக் காப்பீடு, அறக்கட்டளைகள் எல்லாவற்றுக்கும் காகிதம் ஓட நாளாகும்.

பயோடெக்_மாணவி

டாக்டர் மேலே மெனின் என்று எழுதியிருந்தாரே, அதை மறிக்கும் மருந்து வந்துவிட்டது அல்லவா?

உட்ரெக்ட்_தமிழ்

ஆமாம், ரெவ்யூமெனிப். இணைவுப் புரதம் மெனினைப் பிடிக்கும் பிடியையே விடுவிக்கும் மாத்திரை. 2024 நவம்பரில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது, ஆனால் நோய் திரும்பியவர்களுக்கும் சிகிச்சைக்குக் கட்டுப்படாதவர்களுக்கும் மட்டும், அதுவும் ஒரு வயதுக்கு மேல். உடைந்த மரபணுவின் வேலையையே குறிவைத்து அனுமதி பெற்ற முதல் மருந்து இது என்பதால் எங்களுக்கு அதில் நம்பிக்கை அதிகம். இந்த நோய் யாருக்கு அதிகம் வருகிறதோ அந்த வயதுக் குழந்தைகளுக்கு இன்னும் அனுமதி இல்லை என்பது எனக்கு வருத்தம். இந்த வயதினரிடம் சோதித்துப் பார்க்க வேண்டிய அவசரம் இருக்கிறது.

வைகைக்கரை

முதல் வார ஸ்டீராய்டுக்கு நன்றாக இறங்கியிருக்கிறது என்று இன்று டாக்டர் சொன்னார். இருந்தாலும் வயதும் எண்ணிக்கையும் காரணமாக அதிக ஆபத்துப் பிரிவில்தான் வைத்திருக்கிறார்கள். பிளினாட்யூமோமாப் பற்றிக் கேட்டேன், அவர்களே அதற்கு விண்ணப்பம் போட்டுவிட்டார்களாம். அத்தை ஆஸ்பத்திரிக்கு வந்து அக்காவுக்குச் சோறு ஊட்டிவிட்டுப் போனார்.

வேறு ஆஸ்பத்திரிக்கு மாற்ற நேர்ந்தால் எங்கள் கையில் என்னென்ன இருக்க வேண்டும்?

ஃபிஷ்_லேப்

நோய் கண்ட அன்று எடுத்த மஜ்ஜை ரிப்போர்ட்டுகள் எல்லாவற்றுக்கும் நகல் வாங்குங்கள். செல் வகைப் பரிசோதனை, குரோமோசோம் படம், ஃபிஷ், மூன்றும் தனித்தனிக் காகிதமாக இருக்கும். முதுகுத் தண்டு நீரின் ரிப்போர்ட், எட்டாம் நாள் வெள்ளை அணு எண்ணிக்கை, முதல் கட்டம் முடிந்தபின் மிச்ச நோயின் அளவு, இவையும் வேண்டும்.

இன்னொன்று, பலர் கேட்க மறந்துவிடுவது. இணைவு துல்லியமாக எந்த எழுத்தில் நடந்திருக்கிறது என்று வரிசைப்படுத்தினார்களா, முதல் நாள் டிஎன்ஏ மாதிரி சேமிப்பில் இருக்கிறதா என்று கேளுங்கள். அந்த எழுத்து வரிசை தெரிந்தால், பிற்பாடு பத்தாயிரம் நல்ல செல்லுக்கு நடுவே ஒரு லுகேமியா செல் மிஞ்சியிருந்தாலும் பிசிஆர் அதைக் கண்டுபிடிக்கும். சிடி19 மறைந்து செல் உருமாறினால்கூட இந்த உடைப்பு மாறாது. நோய் நிறைந்திருந்த முதல் நாள் மாதிரியில்தான் அதைச் சுலபமாகக் கண்டுபிடிக்க முடியும். அதனால் நாளைக்கே லேபில் கேட்டுவிடுங்கள்.